சேர்ந்த தெருவும் சேர்த்த தெருவும்

செய்தி வந்தபோது நான் சென்னையின் தெற்குப் புறநகர் ஒன்றில், அடுக்குமாடி வீடு ஒன்றின் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மகனுக்கு வாடகை வீடு பார்க்கப் போயிருந்தோம். வீட்டுக்காரர் குழாயைத் திறந்து காட்டினார், அலமாரிகளைக் காட்டினார், பால்கனிக்கு அழைத்துப்போய் ரயில் பாதையைக் காட்டினார். எல்லாம் முடிந்த பிறகு மிக இயல்பாக, "சார் எந்தப் பக்கம்?" என்றார். "காஞ்சிபுரம்" என்றான் மகன். "அது சரி, காஞ்சிபுரத்துல...?" என்று அவர் இழுத்த நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. அழைத்தது ஷெர்லி, கிருபாகரனின் மகள்.

"மாமா, அப்பா போயிட்டாரு மாமா. காலைல காப்பி குடிச்சாரு. நாற்காலில சாஞ்சாரு. அவ்ளோதான்."

நான் கூடத்திலிருந்து வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே மகன் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கேள்வி காதில் விழுந்த நொடியிலேயே, 'சாயங்காலம் கிருபாகரனுக்குப் போன் போட்டு இதைச் சொல்ல வேண்டும்' என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

மின்சார அலுவலகத்தில் அவரோடு பணியாற்றிய உங்களுக்கும், செவிலிமேட்டில் எங்கள் தெருவில் குடியிருக்கும் உங்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெளியூர் நண்பர்கள் சிலரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமலில், ஏரிக்குக் கீழே இருக்கும் காலனியில் பிறந்தவர் கிருபாகரன். தாத்தா காலம் வரை பிறர் நிலத்தில் கூலி வேலை. அப்பா கொத்தனார். கிருபாகரன் படித்து, வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் கணக்கெடுக்கும் வேலைக்கு வந்தார். நான் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அண்ணன்கள் தறியில் உட்கார்ந்துவிட்டார்கள், எனக்கு அதில் கை வரவில்லை. அவரோடு ஒன்றாக அதே வேலையில் சேர்ந்தேன். பணி ஓய்வு வரை ஒரே அலுவலகம். அதன் பிறகு எதிரெதிர் வீடு.

வேலையில் சேர்ந்த புதிதில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களை எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, ஒழுங்கு செய்கிற வேலை அது. ஒரு வீட்டுப் பாவு என்றாலும் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் வந்து கை கொடுப்பார்கள். சைக்கிளைச் சுவரோரமாக உருட்டிக்கொண்டு நான் தாண்டிப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் கிருபாகரன் அங்கேயே நிற்கிறார்.

"ஏம்பா, இந்தத் தெருவுல ஒருத்தன் வீட்ட வித்துட்டு வேற எங்கனா போய்ட்டான்னு வையி. அவன் பாவ யாரு புடிப்பாங்க?" என்று கேட்டார்.

"போன எடத்துல நாலு நெசவாளி வீடு இருக்கணும். இல்லன்னா கஷ்டம்தான்."

"அதான பார்த்தேன். கோயில் திருவிழா, பொண்ணு குடுத்து எடுக்கறது எல்லாம் அப்புறம். மொதல்ல இந்த நூலுதான் உங்கள ஒண்ணா கட்டி வச்சிருக்குது."

நான் பிறந்து வளர்ந்த தெருவைப் பற்றி அப்படி யோசித்ததே இல்லை. அது அப்படித்தான் இருக்கும் என்று இருந்தவன். "அப்ப உங்க தெரு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உங்க தெரு சேந்த தெருப்பா. எங்க தெரு சேத்த தெரு. ஏரி நெரம்பினா வழியற கலங்கல் தண்ணி மொதல்ல எங்க வாசலுக்குத்தான் வரும். அந்த எடத்த எங்க தாத்தா தேடிப் புடிச்சாருன்னா நெனைக்கிற? அங்க போய்க் குடிச போட்டுக்கோன்னாங்க, போட்டுக்கினாரு."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. மீட்டர் எண்ணைப் படித்துச் சொல்கிற குரல்தான். பிறகு பாவுக்கு அடியில் குனிந்து புகுந்து எதிர்ச் சாரிக்குப் போய், வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

சில ஆண்டுகள் கழித்து ஷெர்லியைக் காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக அவர் ஊருக்குள் வாடகை வீடு தேடினார். நானும் கூடப் போனேன். முதலில் போன வீட்டுக்காரர் அவருக்கு நன்றாகப் பழக்கமானவர். கணக்கெடுக்கப் போகும்போதெல்லாம் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பவர்.

"அட, கிருபாகரன் சாரா! வாங்க வாங்க. ரீடிங் எடுக்கற நாள் இல்லையே?"

"இல்லைங்க. மாடி காலின்னு போர்டு பார்த்தேன்."

"ஆமாமா. யாருக்கு?"

"எனக்குதாங்க."

அவர் போர்டை நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ, இத எடுக்க மறந்தே பூட்டேன் பாருங்க. எங்க சித்தப்பா பையனுக்குச் சொல்லி வச்சாச்சு சார். உங்களுக்கு இல்லன்னு சொல்ல எனக்கே சங்கடமா இருக்குது."

இன்னும் சில தெருக்கள் தள்ளி இன்னொரு வீடு. அந்த வீட்டம்மா சொந்த ஊர் கேட்டார், தாமல் என்றதும் தாமலில் எந்த இடம் என்று கேட்டார், பிறகு எந்தக் கோயிலுக்குப் போவீர்கள் என்று கேட்டார். கடைசியில் அங்கேயும் ஒரு சித்தப்பா பையன் வந்துவிட்டான். மூன்றாவது வீட்டிலும் கிட்டத்தட்ட அதே. டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தோம். கிருபாகரன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"இந்த சித்தப்பா பையன் யாருன்னே தெரியலப்பா. காஞ்சிபுரத்துல காலியா இருக்கற வீடு எல்லாத்தையும் அவன் ஒருத்தனே எடுத்து வச்சிருக்கான். எல்லா வீட்டுக்கும் எப்படி வாடக கட்டுவான்?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "வீட்டுக்குள்ள போயி மீட்டரப் பாக்கலாம். வீட்டுக்குள்ள இருக்கத்தான் முடியாது" என்றார். அதற்கு நாங்கள் இருவருமே சிரிக்கவில்லை.

முடிவில் ஊர் ஓரத்தில், அவருடைய உறவுக்காரர்களும் வேறு சில கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்த தெருவில் ஒரு வீடு கிடைத்தது. போர்டு எதுவும் மாட்டியிருக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. சாமான்களை இறக்கிவைத்த அன்று அவர் சொன்னது எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. "எல்லாக் கதவும் சாத்தியிருந்தா தெறந்திருக்கற கதவுலதான் போவோம். அப்புறமா ஒருத்தன் வந்து பார்ப்பான். 'இவங்க எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கறாங்க, அது அவங்க பழக்கம்'னு எழுதிட்டுப் போவான்."

செவிலிமேட்டில் மனைகள் விற்கத் தொடங்கியபோது நாங்கள் இருவரும் எதிரெதிரே வாங்கினோம். எனக்கு அது தேவையாக இருந்தது. பிள்ளையார்பாளையத்து வீட்டை அண்ணன்களுக்கும் எனக்குமாகப் பிரித்தால் ஆளுக்கு ஓர் அறைகூடத் தேறாது. தறி போட்டவர்களுக்குத்தான் அந்த வீடு என்பது நியாயமாகவும் பட்டது. கிருபாகரனுக்கு வேறு காரணம். "மனை போடறவன் யாருன்னு பாக்க மாட்டான்பா. அவனுக்கு எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்" என்றார். பாலாற்றுப் பக்கம் அப்போது வெறும் முட்செடி. எங்கள் தெருவில் மொத்தமே நாலைந்து வீடுகள்தான். தெலுங்கு பேசும் எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர், ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த பாய் ஒருவர், நான், கிருபாகரன், இன்னும் கட்டி முடியாத ஒரு வீடு. ஒருவர் வீட்டு மோட்டார் பழுதானால் மற்றவர் வீட்டிலிருந்து குழாய் போட்டுக்கொள்வோம். பாம்பு வந்தால் எல்லோரும் தடியோடு ஓடி வருவோம். தெருவில் யாருக்கும் யாரும் உறவு இல்லை என்பதே அங்கே ஒரு நிம்மதியாக இருந்தது. என் மனைவி புவனா, கிருபாகரனின் மனைவி சாந்தியோடு டவுன் பஸ்ஸில் சேர்ந்து சந்தைக்குப் போய் வருவாள். பிள்ளையார்பாளையத்தில் இருந்திருந்தால் அவர்கள் இருவரும் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லை.

ஆனால் அது அப்படியே நிற்கவில்லை. சாந்தியின் தம்பி யோவேல் தெருவில் ஒரு மனை வாங்கினார். அவரைப் பார்த்து அவருடைய சகலை வாங்கினார். பிறகு தாமலிலிருந்து இரண்டு குடும்பங்கள். முனை வீட்டில் ஒரு ஜெபக்கூடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டுச் சத்தம் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். நல்ல குரல்கள்தான். எண்ணெய்க் கடைக்காரர் ஒரு நாள் வந்து, மகனுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஊருக்குள் வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார். அவருடைய மகன் அதுவரை அவரோடுதான் இருந்தான். அவரைத் தொடர்ந்து, இடையில் குடிவந்திருந்த இன்னும் இருவர் போனார்கள். வீட்டுத் தரகர்கள் எங்கள் தெருவை 'அந்தத் தெரு' என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

பெரிய அண்ணன் ஒரு நாள் வந்தார். "டேய், இப்பவே வித்துடு. இன்னும் கொஞ்ச நாள் போனா வெல கெடைக்காது. நம்ம பக்கமே ஒரு வீடு காலியா வருது" என்றார். அவர் கெட்டவர் அல்ல. தம்பி ஏமாந்துவிடக் கூடாது என்ற கவலை அவருக்கு. நானும் யோசிக்கத்தான் செய்தேன். பேச்சு எப்படியோ எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை நடைப்பயிற்சியின்போது கிருபாகரனே பேச்சை எடுத்தார்.

"நீ போறதுன்னா போப்பா. நான் தடுக்க மாட்டேன். உன் அண்ணன் தம்பி, உன் கோயில், எல்லாம் அங்க இருக்குது. அதுக்காகப் போறேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். வெல கொறையுதுன்னு மட்டும் சொல்லாத. போறவங்க போறதாலதான் வெல கொறையுது. கொறையுதுன்னு சொல்லியே இன்னும் நாலு பேரு போவாங்க."

எங்கள் வீட்டில் அதை முடிவு செய்தவள் புவனாதான். அண்ணன் அடுத்த முறை வந்தபோது அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "மாமா, இங்க ஒரு ஜுரம் வந்தா எனக்குக் கஞ்சி வச்சுத்தர நாலு வீடு இருக்குது. அங்க வந்தா உங்க வீட்டு அக்கா ஒருத்திதான். அவங்களுக்கும் எனக்கும் எப்படின்னு உங்களுக்கே தெரியும்" என்றாள். அண்ணன் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதே காலத்தில் கிருபாகரன் தன் சொந்தக்காரர்களோடும் மல்லுக்கு நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. எண்ணெய்க் கடைக்காரர் காலி செய்த வீட்டைத் தன் நண்பர் ஒருவருக்கு வாங்கிக் கொடுக்க யோவேல் முயன்றார். கிருபாகரன், வெளியாள் யாராவது வரட்டும் என்றார். நான் அங்கே இருந்தபோதே பேச்சு முற்றியது.

"மாமா, உங்களுக்கு என்னா, ஆபீஸ்ல எல்லாரும் சிநேகிதம். எனக்குன்னு ஒரு ஆபத்து வந்தா யாரு வருவாங்க? நம்ம ஆளு பக்கத்துல இருந்தாத்தான் தைரியமா தூங்க முடியுது. சேந்து இருக்கறது தப்பா?" என்றார் யோவேல்.

"அதுவும் நெசம்தான்பா" என்றார் கிருபாகரன். "தப்புன்னு சொல்லல. ஆனா எல்லாரும் நெசம் பேசிக்கினே தனித்தனியா ஒதுங்கிட்டோம்னா, நம்ம பசங்க மறுபடியும் சித்தப்பா பையன்கிட்டதான் போய் நிக்கணும்." யோவேலுக்கு அந்த சித்தப்பா பையன் கதை புரியவில்லை. வீடு அவருடைய நண்பருக்கே போனது. கிருபாகரன் கிரகப்பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

என் மகள் கௌரியைப் பெண் பார்க்க வந்த நாளையும் சொல்ல வேண்டும். அது டிசம்பர் மாதம். கிருபாகரன் வீட்டு மாடியில் பெரிய நட்சத்திர விளக்கு தொங்கியது. அன்று காலையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவர் மாடிக்குப் போவதைக் கௌரி பார்த்துவிட்டாள். ஓடிப்போய், "எதுக்கு மாமா?" என்று கேட்டிருக்கிறாள். "பல்பு மாத்தணும்மா" என்று மழுப்பினாராம். "பல்பு நல்லாத்தான எரியுது? நீங்க அத கழட்டினா நான் இன்னிக்கு பொடவயே கட்ட மாட்டேன்" என்று ஏணியைப் பிடித்து இறக்கிவிட்டாள். பையன் வீட்டார் வந்தார்கள். வாசலில் செருப்பை விடும்போதே பையனின் மாமா மாடியை அண்ணாந்து பார்த்து, "எதிர்வீட்ல யாரு?" என்றார். "என் சிநேகிதர் வீடு" என்றேன். கேசரி சாப்பிட்டார்கள், சிரித்துப் பேசினார்கள், தகவல் சொல்கிறோம் என்றார்கள். தகவல் வரவில்லை. காரணம் அதுதானா, ஜாதகமா, வேறு எதுவுமா, எனக்கு இன்றுவரை தெரியாது. கிருபாகரன் மட்டும் அது தன்னால்தான் என்று நம்பினார். கௌரிக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிவான நாளில், எங்களைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அவர்தான். அன்றுதான் அவர் கண்ணில் நீர் பார்த்தேன்.

ஓய்வுக்குப் பிறகு அவர் மாடியில் ஒரு பகுதி கட்டினார். வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி கேட்டருகே வந்து நின்றார்கள். ஒடிசாக்காரர்கள். கணவன் பெயர் பிபின் என்று பிறகு தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் ஏற வசதியாக இங்கே வீடு தேடுகிறான்.

"அம்மா, வீடு இருக்கு?" என்று அவன் தன் தமிழில் கேட்டான்.

சாந்தி உள்ளேயிருந்தே பார்த்தார். வாசலுக்கு வந்து, "இல்லப்பா. எங்க சித்தப்பா பையனுக்குச் சொல்லி வச்சிருக்கோம்" என்றார்.

அவருக்குப் பழைய கதை தெரியாது. அது சாதாரணமாக எல்லோர் வாயிலும் வருகிற வார்த்தை. நானும் கிருபாகரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து கேட் வரை போனார். தாழ்ப்பாளில் கையை வைத்தார். திறக்காமல் அப்படியே நின்றார். வெளியே குழந்தை அழ ஆரம்பித்தது. பிபின் திரும்பிப் போக ஓர் அடி எடுத்து வைத்துவிட்டான்.

"கொழந்த பேரு என்னாப்பா?" என்று கேட்டுக்கொண்டே கிருபாகரன் கேட்டைத் திறந்தார்.

அப்போது ஏன் அவ்வளவு தயங்கினீர்கள் என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "பயமாத்தான் இருந்துச்சு. பாஷ தெரியாது. ஒருத்தன் வந்தா பத்து பேரு வருவான். யோவேல் சண்டைக்கு வருவான். சாந்தி ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டா. எல்லாம் ஓடுச்சு. பயப்படறதுக்கு எனக்கு மட்டும் உரிம இல்லையா என்னா?" என்றார். அவர் பயந்தபடியேதான் எல்லாம் நடந்தது. யோவேல் சண்டைக்கு வந்தார். சாந்தி வெகுநாள் வரை கடுகெண்ணெய் வாசனை பற்றி முறையிட்டார். பிபினைப் பார்த்து அவனுடைய ஊர்க்காரர்கள் வந்து, பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு எடுத்தார்கள். சாயங்காலங்களில் அந்தப் பக்கம் போனால் வேறு மொழியில் கைப்பேசிப் பாட்டு கேட்கும். கிருபாகரன் அதைக் கேட்டுக்கொண்டே நடப்பார். "நாம வந்தமாதிரியேதான் வராங்கப்பா. ஒருத்தன் வந்து நின்னா, கூடப் பொறந்தவன் வழி கேட்டுக்கினு வருவான். கொஞ்ச நாள்ல அத 'அவங்க தெரு'ன்னு சொல்லிடுவாங்க. அவன் வேற எங்கயும் எடம் கேட்டானா, குடுத்தாங்களான்னு எவனும் கேக்க மாட்டான்" என்றார்.

கடைசியாக அவர் பேசிய பொது விஷயம் தெருப் பெயர். எங்கள் தெருவுக்கு எண் மட்டும்தான் இருந்தது. பெயர் ஒன்று வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, தெருவாசிகள் கிருபாகரன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். யோவேல் தரப்பில் வேதாகமத்திலிருந்து ஒரு பெயர் சொன்னார்கள். மிச்சமிருந்த எங்களில் சிலர் ஒரு சாமி பெயர் சொன்னார்கள். பாய், தனக்கு எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டு எதுவும் சரியில்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தார். குரல்கள் உயர்ந்தன. கிருபாகரன் எழுந்தார்.

"நம்பரே இருக்கட்டும். பேரு வச்சா யாரு தெருன்னு தெரிஞ்சிடும். அப்புறம் இங்க வீடு கேக்க வரவன் பேரப் பார்த்துட்டே திரும்பிப் பூடுவான். நம்பரப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. உள்ள வந்துதான் பாக்கணும்."

இரண்டு தரப்புக்கும் அவர்மேல் கோபம். ஆனாலும் யாரும் மேலே வற்புறுத்தவில்லை. செவிலிமேட்டில் எங்கள் தெரு இன்றும் மூன்றாவது குறுக்குத் தெருதான்.

நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு அடுப்பில்தான் வந்தவர்களுக்குச் சமையல் நடந்தது. புவனா அரிசி களைந்துகொண்டிருக்க, பிபினின் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே அடக்கம் என்று ஷெர்லியைக் கேட்டேன். காஞ்சிபுரத்திலேயே இருக்கும் என்று நினைத்திருந்தேன். "தாமல்ல மாமா" என்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காலம் முழுவதும் அந்த ஒதுக்குப்புறத்திலிருந்து வெளியே வருவதைப் பற்றியே பேசிய மனிதர் அவர். என் முகத்தைப் பார்த்து அவளே சொன்னாள்: "நானும் கேட்டேன் மாமா. 'பொழைக்கத்தான் எடம் தேடி அலைஞ்சேன். படுக்கறதுக்கு எங்கம்மா பக்கத்துல எடம் இருக்குது, அங்க என்னை யாரும் போவச் சொல்லல, நானா போறேன்'னாரு."

சவப்பெட்டி வண்டியின் பின்னால் நாங்கள் போனோம். அவர் சொல்லிக் கேட்ட கலங்கலை முதன்முறையாகப் பார்த்தேன். ஏரி நிறைந்திருந்தது. காலனி வீடுகள் இப்போது பெரும்பாலும் மாடி வீடுகள். கல்லறைத் தோட்டம் அதற்கும் அப்பால். போதகர் ஜெபம் முடித்த பிறகு வரிசையில் போய் ஒரு பிடி மண் போட்டேன். வெயில் தாங்காமல், வேப்ப மரத்தடியில் போட்டிருந்த பெஞ்சுக்கு வந்தேன். அதில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியாது போலிருக்கிறது. என் பக்கம் முகத்தைத் திருப்பி, "யாருப்பா நீ?" என்றார்.

ஓய்வுபெற்ற ஊழியர், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன், இன்னும் சொல்ல எத்தனையோ இருந்தன.

"கிருபாகரனுக்கு எதிர்வீடுங்க" என்றேன்.

"அப்படியா, அப்படியா" என்று அவர் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

அவரை நினைத்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த முகவரியைத்தான். இனி யார் கேட்டாலும் அப்படியே சொல்வதாக இருக்கிறேன். மூன்றாவது குறுக்குத் தெரு, கிருபாகரன் வீட்டுக்கு எதிர்வீடு.